ரெண்டு முகம் போட்ட பனியன்

எங்கள் மாமாவைக் கவுன்சிலராக்கிவிடுவது என்று முடிவெடுத்தது அத்தைதான். மாமாவுக்கு அப்படியொன்றும் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்து, பதக்கமும் வாங்கி, திருப்பூருக்குத் திரும்பி எட்டு தையல் மெஷினோடு பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார். வீதியில் சாக்கடை அடைத்துக்கொண்டால் தானே கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

"எப்படியும் செய்யற வேலைதான, அதப் பதவியில உக்காந்து செய்யுங்க" என்றாள் அத்தை.

மாமா சுயேச்சையாக நின்றார். தையல் மெஷின் சின்னம் கிடைத்தது. எங்கள் ஊரில் இதற்குமேல் என்ன வேண்டும் என்று, ஓட்டுப் போடும் முன்பே ஜெயித்துவிட்ட மாதிரி நடமாடினோம்.

கூட வருகிறவர்கள் போட்டுக்கொள்ள, எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட பனியன்கள் இருந்தன. மாமாவின் முகத்தை பிரிண்ட் போட்டால் போதும். பட்டாள உடுப்பில் அவர் இருந்த படம் ஒன்றே ஒன்றுதான். அதில் அவர் தோளில் கை போட்டபடி இன்னொருவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தை என்னிடம் கத்தரிக்கோலை நீட்டி, "மாமாவ மட்டும் வெட்டிக் குடு கண்ணு" என்றாள். நான் மூன்றாம் வகுப்பில் கைவேலைக்குப் பரிசு வாங்கியவள். பிசிறில்லாமல் வெட்டினேன். தோளில் அந்தக் கை மட்டும் மிச்சமிருந்தது. அதை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமா வந்துவிட்டார்.

கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் திட்டவில்லை. குனிந்து தரையில் கிடந்த மறு பாதியை எடுத்து, சட்டையில் துடைத்தார்.

"டேப் இருக்குதா கண்ணு?"

இருவருமாக ஒட்டினோம். ஒட்டிய படத்தை அவரே பிரிண்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனார்.

"ஏனுங்க, ஓட்டு உங்களுக்குக் கேக்கறமா, அவருக்குக் கேக்கறமா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார் மாமா.

நெஞ்சில் ரெண்டு முகம், நடுவில் நான் வெட்டிய கோடு. அந்தப் பனியன்களோடு கம்பெனி ஆட்கள் வீதி வீதியாகப் போனார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்கள் குழம்பிப்போனார்கள். "இதுல நிக்கது யாரு அண்ணாச்சி?" என்று கேட்ட ஓர் அம்மாள், "இன்னொருத்தரு வரலியா?" என்றும் விசாரித்தார்.

"அவரு வர்லீங்க" என்று மாமா கும்பிட்டார்.

எனக்கு அந்த ஆள்மேல் கோபமாக வந்தது. தோளில் கை போடத் தெரிந்தவருக்கு, நண்பர் தேர்தலில் நிற்கும்போது ஒரு நாள் வந்துபோகத் தெரியாதா?

மாமா தோற்றார். அத்தை போட்டோவைக் குற்றம் சொன்னாள். நான் கத்தரிக்கோலை நினைத்து அழுதேன். "தோத்தா என்ன கண்ணு, சாக்கடை அங்கயேதான இருக்குது" என்று மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார். எனக்கு அவரைப் போல் யாரையும் பிடித்ததில்லை.

அதற்குப் பிறகும் டெய்லர்கள் அந்தப் பனியன்களைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வந்தார்கள். காலையில் மாமா கம்பெனி வாசலில் நின்று ஒவ்வொருவர் நெஞ்சையும் பார்ப்பார். சாயம் நிற்கிறதா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ஒருநாள் நானும் கெட்டிக்காரத்தனமாக, "பிரிண்ட் இன்னும் போகல மாமா" என்றேன்.

"ஆமா கண்ணு, போகல" என்றார்.

பனிமலையிலிருந்து படத்திலிருந்த அந்த நண்பரைத் தோளில் சுமந்து இறக்கியதற்குத்தான் பதக்கம் கொடுத்தார்கள் என்று காலேஜ் போன பிறகே தெரிந்துகொண்டேன். கீழே வந்து இறக்கிவைத்தபோது அவர் உயிரோடு இல்லை.