வாசலில் கிடந்த பாய்

சுருளிப்பட்டியில் சண்முகத்தாயை அடங்காதவள் என்பார்கள். நானும் அவளும் ஒரே தோட்டத்தில் திராட்சை வெட்டுகிறவர்கள். அடங்காதவள்தான். அதில் எனக்குப் பெருமைதான்.

அவள் புருஷன் லிங்கேஸ்வரன் வாழைக்காய் லோடு ஏற்றி எர்ணாகுளம் போகிற லாரி டிரைவர். பங்குனிக் கடைசியில் போனவன், அங்கே ஒருத்தியிடம் போய்விட்டு, பயத்தில் முகம் வெளிறி வந்து நின்றான். பெண்டாட்டியைத் தொடுவதற்கு முன்பே உண்மையைச் சொன்னான். அந்த மட்டுக்கும் யோக்கியன். அன்றைக்கே அவன் படுக்கை வாசலுக்குப் போனது. ஒரு வாரத்தில் டவுனில் ஏதோ ஒரு லேபில் ரத்தம் கொடுத்தான். எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது.

மாமியார் சங்கிலியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் மகன் தீச்சட்டி எடுப்பான் என்று வீரபாண்டி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். சித்திரைத் திருவிழாவில் மஞ்சள் வேட்டி கட்டி, வேப்பிலையோடு சட்டி ஏந்திப் போனான். சண்முகத்தாயும் கூடவே நடந்தாள், ஒரு குறை வைக்கவில்லை. வீடு திரும்பியதும் பழையபடி அவன் பாயை வாசலில் போட்டாள்.

"நேர்த்திக்கடனே முடிஞ்சிருச்சு, இன்னும் என்னடி சந்தேகம்? ஆத்தாளையே நம்ப மாட்டியா?" என்றாள் மாமியார்.

"ஆத்தாள நம்புறேன் அத்தை. அந்த ரிப்போர்ட்டத்தான் நம்பல. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில கவுன்சிலர் அம்மாகிட்ட கேட்டேன். கிருமி ஏறியிருந்தாலும் ஒரு வாரத்துல டெஸ்டுல தெரியாதுன்னு சொன்னாக. மூணு மாசம் கழிச்சுப் பார்த்தாத்தான் உறுதியாம். நிறம் வந்திருச்சுன்னு வெட்டுனா திராட்சை புளிக்காதா?"

சொந்தக்காரர்கள் நாலு பேர் பஞ்சாயத்துக்கு வந்தார்கள். அம்மனுக்குச் சட்டி எடுத்தவனைச் சந்தேகப்படலாமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அவள் நிதானமாக எல்லாருக்கும் டீ கொடுத்தாள்.

"உங்க மகளா இருந்தா இந்த ரிப்போர்ட்ட நம்பி உள்ள அனுப்புவீகளா?" என்று மட்டும் கேட்டாள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

ஆனி முடிகிற சமயம் அவளே அவனைக் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். இந்த முறையும் இல்லை என்றே வந்தது. அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

"அப்பச் சொன்னதத்தான் இப்பவும் சொல்லுறாக. வீணா என் மகன வாசல்ல கிடத்துனியே," என்று மாமியார் பிடித்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சண்முகத்தாய் சொன்னாள்: "வீணில்ல அத்தை. அப்ப நமக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சட்டி எடுத்தோம். இப்பத்தான் தெரியும்."

லிங்கேஸ்வரன் சிரித்துக்கொண்டே பாயைச் சுருட்டி உள்ளே வரப் பார்த்தான். அவள் நிலைவாசலை மறித்து நின்றாள்.

"அங்கனயே போடுய்யா. உனக்கு நோவு இல்லைன்னுதான் சொன்னாக. நீ அவகிட்ட போகலைன்னு யாரும் சொல்லலையே."