கட்டையண்ணனின் கண்பட்டை

பேருந்துப் பணிமனையில் போய்க் கட்டையண்ணன் என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். ஆள் கட்டையானவர் இல்லை, நல்ல உயரம். தூக்கத்தால் வந்த பெயர் அது. படுத்தார் என்றால் மரக்கட்டைதான். பக்கத்தில் டயர் வெடித்தாலும் சரி, இரண்டு மெக்கானிக்குகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டாலும் சரி, அவர் புரண்டு படுப்பாரே தவிர விழிக்கமாட்டார். லாரியில் கிளீனராக இருந்த வயதில் மூட்டைகளுக்கு நடுவே தூங்கியவர். ஓட்டுநரான பிறகு அதே லாரிக்கு அடியில் சாக்கை விரித்துத் தூங்கியவர். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்தில் நாற்காலியிலேயே குறட்டை விட்டு மாமனாரைக் கதிகலங்க வைத்தவர். "அந்தத் தூக்கத்துக்காகத்தான் இவரை நெடுந்தூர வண்டிக்கு எடுத்தேன்" என்று மேலாளர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மேலாளர்கள் நல்லது நடக்கும்வரை எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்பார்கள்.

நெடுந்தூரப் படுக்கைப் பேருந்தில் ஓட்டுநர்கள் இருவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பலகையில் தூங்க வேண்டும். அந்தத் தூக்கமும் வேலைதான், சம்பளத்தில் சேர்த்தி. முறை மாறும்போது எழுந்து வருகிறவர் "தெளிஞ்சாச்சு" என்பார். அந்த ஒரு சொல்லோடு மற்றவர் இருக்கையை விட்டு இறங்கிவிட வேண்டும். தூங்கினாயா, எவ்வளவு நேரம் தூங்கினாய் என்றெல்லாம் கேட்கக் கூடாது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத விதி இது. கேட்டால் அவமானம், சாப்பிடக் கூப்பிட்டவர் வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பது போல.

கட்டையண்ணனின் ஜோடி ஓட்டுநருக்கு மீசை என்று பெயர். பத்து வயது இளையவன். அவனுடைய மீசையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. முகத்தில் முதலில் அதுதான் வரும், பிறகுதான் அவன் வருவான். பேசிக்கொண்டே ஓட்டுவான், பாடிக்கொண்டே ஓட்டுவான், ஆனால் நூல் பிடித்த மாதிரி ஓட்டுவான். ஒருவர் தட்டில் மற்றவர் கை போடும் அளவுக்குப் பழக்கம்.

மழைக்காலத்தில் ஒருநாள் அதிகாலையில் மீசை ஸ்டியரிங்கில் கண் அசந்துவிட்டான். கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். வண்டி சாலையோரத் தடுப்புக் கம்பியை நீளத்துக்கு உரசிக்கொண்டு போய் நின்றது. பயணிகள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பாதிப் பேர் எழுந்திருக்கவேகூட இல்லை. டயர் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது என்று இருவரும் சேர்ந்து பூசி மெழுகினார்கள், மேலாளரும் நம்பினார். வண்டிக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கட்டையண்ணனுக்கு முடியவில்லை. இரும்பு இரும்பை உரசும் அந்தச் சத்தத்தில் விழித்தவர், அப்புறம் தூங்கவே இல்லை. பலகையில் படுத்துக் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். மீசை பிரேக் போடும்போதெல்லாம் இவருடைய வலது காலும் கால்மாட்டில் இருக்கும் தடுப்புப் பலகையை அழுத்தும். அழுத்தாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. வீட்டிலும் அதே கதைதான். கண் செருகும், கால் அழுத்தும், விழிப்பு வந்துவிடும்.

மீசையிடம் சொல்லலாமா? சொன்னால், "உன்னை நம்பித் தூங்க எனக்குப் பயமாக இருக்கிறது" என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும். மேலாளரிடம் சொன்னால் இருவரையும் நெடுந்தூரத்திலிருந்து இறக்கிவிடுவார், தடுப்புக் கம்பிக் கதையும் வெளியே வரும். எதையும் சொல்லாமல் மென்று முழுங்கினார். தன் முறை வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு "தெளிஞ்சாச்சு" என்றார். முதல் தடவை அந்தப் பொய்யைச் சொன்னபோது நாக்கு கூசியது. அப்புறம் அதுவும் பழகிவிட்டது. ஓட்டும்போது உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டார், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார், கிராம்பை மென்றார். ஒருநாள் பட்டப்பகலில், ஒரு பாலத்தின் தொடக்கம் நினைவிருந்தது, முடிவு நினைவிருந்தது, நடுப்பாலம் நினைவில் இல்லை. அன்றைக்குத்தான் அவருக்கு, பின்னால் படுத்திருக்கும் அத்தனை பேரையும் ஏதோ ஒருநாள் தான் கொன்றுவிடுவோம் என்று தெரிந்துபோனது.

மனைவியிடம் மட்டும் தூக்கம் வரவில்லை என்றார். காரணம் கேட்டாள். கம்பியைப் பற்றி அவளிடம் சொல்லியதில்லை, அதனால் வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டார்.

"பலகைக்குப் பக்கத்துலயே ஜன்னல். வெயில் மூஞ்சியிலயே அடிக்குது. எப்படித் தூங்கறது?"

"இவ்வளவுதானா? இதை ஏங்க இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்க?" என்றாள் அவள். அவள் ஒரு துணிக்கடையில் அளவு திருத்தும் தையல் வேலை பார்க்கிறாள். துணியால் தீர்க்க முடியாத கஷ்டம் உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி.

அடுத்த விடுமுறையில் அவரை இழுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். பயணப் பைகள் விற்கும் கடையில் கண்பட்டைகளுக்கென்றே ஒரு வரிசை இருந்தது. விற்கிற பெண் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். பஞ்சு வைத்தது, உள்ளே குளிர்ச்சியான பசை வைத்தது, கண்ணுக்கு நேரே குழிவாக இருப்பது, பருத்தி, பட்டு. கட்டையண்ணன் ஒன்றை மாட்டிக் கண்ணாடியில் பார்க்கப் போனார், ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பெண்களும் சிரித்துவிட்டார்கள்.

"செக்குமாட்டுக்குக் கட்டற மாதிரி இருக்கு" என்றார்.

"செக்குமாடு சுத்திட்டே இருக்கும். நீங்க படுத்துத் தூங்கப் போறீங்க. வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

அவள் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பஞ்சு வைத்தது வியர்க்கும் என்று தள்ளினாள். பளபளவென்று இருந்த ஒன்றை விரல்களுக்கு நடுவே தேய்த்து, இது பட்டு மாதிரி நடிக்கிற நைலான் என்று ஒதுக்கினாள். விற்கிற பெண்ணும் சண்டைக்கு வராமல், "ஆமாக்கா, அது வேலைக்காகாது, இதைப் பாருங்க" என்று உள்ளேயிருந்து அசல் பட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கருநீலம். தொட்டால் குளிர்ந்தது, வைத்திருந்தால் தோலின் சூட்டுக்கு வந்தது. மூக்கோரம் வெளிச்சம் கசியாமல் ஒரு மடிப்பு இருந்தது. பின்பட்டையை இழுத்து அளவு வைத்துக்கொள்ளலாம். கடைக்கு நடுவே அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, கண்ணுக்கு அதைக் கட்டி, மூக்கோரம் விரலால் தடவிப் பார்த்தாள்.

"தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலை."

"இனிமேயும் தூங்கலைன்னா அது துணியோட குத்தம் இல்லை, சொல்லிட்டேன்."

அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவரும் சந்தோஷப்பட்டார். ஒருவேளை வெளிச்சம்தானோ என்று ஒரு நப்பாசை. சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவரே தன் சப்பைக்கட்டை நம்ப ஆரம்பித்திருந்தார்.

பலகையில் முதல் தடவை அதைக் கட்டிக்கொண்டு படுத்தார். குறை சொல்ல முடியாத பட்டை. கண்ணை அழுத்தவில்லை, உறுத்தவில்லை, நல்ல கும்மிருட்டு. அந்த இருட்டில் வண்டியின் ஒவ்வொரு சத்தமும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. மீசை கியர் மாற்றுவது, மீசை இருமுவது, இருமிய பிறகு பாடாமல் இருப்பது. ஏன் பாடவில்லை? கண் அசந்துவிட்டானா? கால் அழுத்தியது. பட்டையைத் தூக்கிப் பார்த்தார். மீசை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தான். மறுபடி மூடினார், மறுபடி தூக்கினார். இத்தனை நாள் பழியைச் சுமந்த வெளிச்சமும் இப்போது இல்லை. தனக்கு இனித் தூக்கம் என்பதே இல்லை என்று அவருக்கு அந்தப் பட்டுக்குள் கிடக்கும்போதுதான் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"பழைய கட்டை ஆயிட்டேன் போ" என்றார்.

அவ்வளவுதான். அவள் நேராகப் போய் மீசைக்கும் ஒன்று வாங்கி வந்துவிட்டாள். "பாவம், அந்தத் தம்பியும் அதே பலகையிலதானே படுக்குது" என்றாள்.

அடுத்த ஓட்டத்தில் கட்டையண்ணன் அதை மீசையிடம் கொடுத்தார். "அண்ணிக்குத் தேங்க்ஸ் சொல்லுங்க" என்று அவன் கட்டிக்கொண்டு படுத்தான். கண்பட்டைக்குக் கீழே மீசை மட்டும் தெரிந்தது. உச்சி வெயில், காலியான சாலை. ஓட்டுநருக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடியில் பலகை முழுசாகத் தெரியும். நெடுந்தூர ஓட்டுநர்கள் அதில் பயணிகளைப் பார்ப்பார்கள், தூங்குகிற ஜோடியைப் பார்க்கமாட்டார்கள். அதுவும் மரியாதைதான். அன்றைக்கு, அந்தக் கருநீலத் துணி அவனுக்காவது உதவுகிறதா என்று பார்க்கிற ஆசையில் அவர் பார்த்தார்.

முன்னால் ஒரு லாரி திரும்பியது. பிரேக் போட்டார். கண்ணாடியில் மீசையின் வலது கால் தடுப்புப் பலகையை அழுத்தியது.

எதிரே ஒன்றும் இல்லாத இடத்தில், வேண்டுமென்றே, பயணிகளுக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாக இன்னொரு தடவை பிரேக்கைத் தொட்டார். கால் அழுத்தியது.

சாலையோரத் தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தினார். பயணிகள் இறங்கினார்கள். பலகையைத் தட்டினார்.

"எழுந்திரு."

"அதுக்குள்ளயா? என் முறை இன்னும் வரலையே அண்ணே." பட்டையை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நீ தூங்கலை."

"நல்லாத் தூங்கினேனே."

"உன் கால் பிரேக் போடுது."

மீசை பட்டையைக் கழற்றி மடித்தான். "உங்க காலும்தான் போடுது. எப்பவோ பாத்துட்டேன்" என்றான்.

"பாத்துட்டு ஏண்டா சொல்லலை?"

"அன்னைக்குக் கண் அசந்தது நானு. நீங்க ஏன் தூங்க மாட்டேங்கறீங்கன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்களைக் கேக்கறது? படுத்தா அந்தச் சத்தம்தான் வருது அண்ணே. எனக்கும் அன்னையிலேர்ந்து தூக்கமே இல்லை. நீங்க தெளிஞ்சாச்சுன்னு சொல்லும்போதெல்லாம் அது பொய்னு எனக்குத் தெரியும். நான் சொல்றதும் பொய்தான். ரெண்டு பொய்யையும் வெச்சு வண்டி ஓட்டிட்டிருக்கோம்."

கட்டையண்ணனுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. கீழே இறங்கி மேலாளருக்குப் போன் செய்தார்.

"ரெண்டு பேருக்கும் முடியலை சார். மாத்து ஆள் அனுப்புங்க."

"ரெண்டு பேருக்குமா? ஒருத்தருக்கு முடியலைன்னா சரி. ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கும் எப்படி முடியாமப் போகும்? என்ன, குடிச்சிருக்கீங்களா?"

"இல்லை சார். தூக்கம் இல்லை."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "கட்டையண்ணனுக்குத் தூக்கம் இல்லையா? நல்ல ஜோக். இங்க ஆளே இல்லை. பொழுது சாயறதுக்குள்ள யாரும் அங்க வர முடியாது. பயணிகளை வெயில்ல நிறுத்தி வெச்சீங்கன்னா நாளைக்கு ரெண்டு பேரும் வேலைக்கு வர வேணாம். டீயைக் குடிச்சுட்டு வண்டியை எடுங்க."

மேலாளர் போனை வைத்துவிட்டார். கட்டையண்ணன் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டயர்களைக் காலால் தட்டினார். டயர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. முதியவர் ஒருவர் எப்போது கிளம்பும் என்று கேட்டார். இன்னொருவர் கடிகாரத்தைக் காட்டினார். சாவியைத் தூக்கி வயலில் எறிந்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. எறியவில்லை. வீட்டு வாடகையும், கண்ணைக் கெடுத்துக்கொண்டு பிறர் சட்டைக்கு அளவு திருத்தும் மனைவியும், இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாத தன் இரண்டு கைகளும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அந்த நேரத்தில் தன்னை அவர் மிகவும் வெறுத்தார்.

மீசை பலகையில் படுக்காமல் உட்கார்ந்திருந்தான். "நான் படுக்கலை அண்ணே. உங்க பக்கத்துலயே உக்காந்து பேசிட்டே வர்றேன். அரை ஆளும் அரை ஆளும் சேந்தா ஒரு முழு ஆள் ஆகாதா?" என்றான்.

அவர் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தார். பயணிகளில் ஒருத்தி, முன்படுக்கையில் கைக்குழந்தையோடு வந்தவள், ஏறும்போது அவரிடம் நின்றாள்.

"அண்ணா, எனக்கு பஸ்னாலே பயம். ரெண்டு டிரைவர் இருக்கற வண்டியாப் பாத்துத்தான் டிக்கெட் எடுத்தேன். ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் நல்லாத் தூங்கி எழுந்துருவீங்கல்ல?"

மீசை தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்மா. நீங்க பயப்படாமப் படுங்க" என்றார் கட்டையண்ணன்.

அவள் குழந்தையைச் சுவரோரம் கிடத்தி, அதன்மேல் கையைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அவர் சொன்னதை நம்பி, வண்டி நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் தூங்கியும்விட்டாள்.