குதிரைப் பாதை வரைந்த படம்

இறம்பொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களா எழுபதுகளின் கடைசியில் உல்லாச விடுதியாக மாறியிருந்தது. வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்ததால் கிடைத்தது. சில வருடங்களில் விடுதி கைமாறியது. வாங்கியவர்கள் கொழும்பைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர்.

வந்த வாரமே சாப்பாட்டு மேசையில் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தார்கள். படகு விட ஒரு குளம், சரிவில் பன்னிரண்டு சிறு வீடுகள், வெளிநாட்டுக்காரர்கள் குதிரையில் போக மலையைச் சுற்றி ஒரு பாதை. லயங்களில் குடியிருந்த தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் வேலை உண்டு என்றார் அண்ணன். நான் தமிழில் சொன்னதும் கூட்டத்தில் சந்தோஷச் சலசலப்பு. எனக்கும் அந்தப் படம் பிடித்திருந்தது. நீல மையில் குளம் அவ்வளவு அழகு.

விடுதியில் துணி வெளுக்கும் அக்கா மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. பாதை வளையும் இடத்தில் விரலை வைத்தார்.

“தங்கச்சி, இது நாம பொதைக்கிற எடம். எம் புள்ள அங்கதான் இருக்கு. அது மேல குதிர நடக்குமான்னு கேளுங்க.”

பாதையைக் கொஞ்சம் கீழே இறக்க முடியுமா என்று இவர் கேட்கிறார் என்றேன், சிங்களத்தில். பார்க்கலாம் என்று சொல்லி அண்ணன் படத்தைச் சுருட்டத் தொடங்கினார்.

அக்கா என் கையைப் பிடித்தார்.

“சந்தைக்குப் போற எனக்கும் நாலு வார்த்த சிங்களம் தெரியும். புள்ளைய ‘தருவா’ம்பாங்க. அந்தச் சொல்ல நீங்க சொல்லவே இல்லியே.”

எனக்கு முகம் சுட்டது. புது முதலாளிகள் முகம் சுளிக்கும்படி எதுவும் பேசிவிடக் கூடாது என்று பயந்திருந்தேன். அந்தப் பயத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணனை நிறுத்தி, அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

பிள்ளைக்கு என்ன வயது என்று தம்பி கேட்டார். அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று வயது என்று அவரே சிங்களத்தில் சொன்னார்.

மறுநாள் காலை தம்பி அக்காவோடு மலையேறிப் போனார். காலெல்லாம் அட்டை கடித்து, சப்பாத்தில் சேறோடு திரும்பி வந்து, பென்சிலால் பாதையைக் கீழே இறக்கி வரைந்தார். மலையின் நல்ல காட்சி போய்விட்டது என்று அண்ணன் முணுமுணுத்தார். ஆனால் பாதை அப்படியேதான் வெட்டப்பட்டது.

குளம் தோண்டினார்கள். பன்னிரண்டில் நான்கு வீடுகள் எழும்பின. அதற்குள் இனக்கலவரத்தில் நாடு கலங்கி, வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றது. வேலையும் அதோடு நின்றது.

நான் ஹட்டனில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்தேன். அங்கேயும் அடுத்தவர் பேச்சை மொழிமாற்றிச் சொல்வதே வேலை. எதையாவது மழுப்பத் தோன்றும்போதெல்லாம், இது யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் அது எனக்காகத்தான் இருந்தது.