வன்னியபெருமாள் எஞ்சின் தூக்குகிறார்

கடம்பூரில் மாமனார் வீட்டு முற்றத்தைக் கடப்பாரையின் மொட்டை முனையால் தட்டித் தட்டிச் சுற்றி வந்தார் வன்னியபெருமாள். பொத்தென்று சத்தம் கேட்டால் அடியில் வெடிப்பு. சித்திரைக் கரிசல் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். கப்பியைத் தொங்கவிட மூன்று கம்புகளை முக்காலியாக ஊன்ற மூன்று கெட்டியான இடம் அகப்படும்வரை டிராக்டர் எஞ்சினைத் தொடமாட்டார்.

கோவில்பட்டியைச் சுற்றி இந்த எண்பதுகளில் வந்திறங்கிய சின்ன உழவு டிராக்டர்கள் படுத்துக்கொண்டால் ஜனங்கள் அவரைத்தான் தேடுகிறார்கள். டீசலை வடிப்பார். பெல்ட்டை உருவுவார். போல்ட்டுகளைக் கழற்றிய வரிசைப்படி சிரட்டைகளில் போட்டு வைப்பார். பீடி காதிலேயே இருக்கும். சங்கிலிக் கப்பியில் எஞ்சினை ஒரு விரக்கடை தூக்கி நிறுத்தி, எங்காவது ஒயரோ குழாயோ பிடித்து இழுக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பார். அப்புறமும் எஞ்சினை ஆட்ட விடமாட்டார்.

"தொங்குததை இழுக்கப்பிடாது அண்ணாச்சி. வண்டியை அடியில இருந்து உருவணும்."

வண்டி விலகியதும் எஞ்சின் நேராகப் பழைய லாரி டயரில் இறங்கும். அதுவரை யார் கூப்பிட்டாலும் சங்கிலியை விட்டுக் கையை எடுக்கமாட்டார்.

மச்சினன் கல்யாணத்தன்றும் எடுக்கவில்லை. குளத்தூரில் ஒரு எஞ்சின் தொங்கிக்கொண்டிருந்தது. பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில், கிரீஸ் கையோடு வந்து நின்றார். "அந்த எஞ்சினுக்கே தாலியைக் கட்டியிருக்கலாம்லா?" என்று ஊர் முன்னால் கேட்ட மனைவி வள்ளித்தாய், அப்பா வீட்டிலேயே தங்கிவிட்டாள். எட்டு மாதமாகிறது. இரண்டு தடவை கூப்பிடப் போய் வாசலோடு திரும்பினார். ராச்சோற்றுக்கு இன்னமும் இரண்டு தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கவிழ்க்கிறார்.

இப்போது அந்த வீட்டு டிராக்டரே படுத்துவிட்டது. மாமனார் பரமசிவன் ஆள்விட்டு அழைத்தார். எஞ்சின் பழுது பார்க்க மதுரைக்குப் போகிறது. திரும்பி வந்தால் கம்பெனி ஆளே மாட்டிவிடுவான். இதை விட்டால் இந்த வாசலுக்கு வர அவருக்கு வேறு சாக்குக் கிடையாது.

இடம் பார்த்துவிட்டுக் கம்பு எடுத்து வருவதற்குள் முற்றம் நனைந்திருந்தது. மாப்பிள்ளை வந்தால் தண்ணீர் தெளிப்பது அந்த வீட்டு வழக்கம். செம்போடு வள்ளித்தாய் உள்ளே போவது தெரிந்தது. ஈரக் கரிசல் வெண்ணெயாக வழுக்கும். வேறு யார் வீடாக இருந்தாலும் கம்பைக் கீழே போட்டுக் கத்தியிருப்பார். இங்கே அந்த ஈரத்திலேயே ஊன்றினார்.

வண்டியை மாமனார் உருவிய மறுநொடி, ஒரு கம்பு ஒரு சாண் சறுக்கியது. எஞ்சின், பார்க்க வந்து நின்ற வள்ளித்தாய் பக்கமாக ஆடியது.

"ஏட்டி, தள்ளிப் போ!"

அவர் கையில் சங்கிலி கடகடவென்று ஓடியது. எஞ்சின் டயரில் பொதுக்கென்று உட்கார்ந்தது. வள்ளித்தாய் கிட்டே வந்து, சறுக்கிய கம்பின் அடியைப் பார்த்தாள்.

"ஈரம்னு தெரிஞ்சிதான ஊனுனீய?"

"நீ தெளிச்சதுல்லா."

"கிறுக்குதான் உங்களுக்கு" என்றாள். எட்டு மாதத்தில் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சாமான்களைக் கட்டும்போது, பெரிய ஸ்பேனரை மட்டும் சோளத்தட்டைக் கட்டின் ஓரமாக நழுவவிட்டார் வன்னியபெருமாள். வள்ளித்தாய் அதைப் பார்த்துவிட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீரா மாப்பிள? பொறவு அலையப்பிடாது பாரும்" என்றார் மாமனார்.

"எடுத்தாச்சு மாமா."

வள்ளித்தாய் அப்பாவைப் பார்த்தபடியே நின்று, கால் பெருவிரலால் ஸ்பேனரைத் தட்டைக் கட்டுக்கு அடியில் தள்ளினாள்.