பள்ளத்து வயலின் அத்திப்பழம்

காலை ஆறு மணி ஐந்து நிமிடம். போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. வேலைக்குப் போகும் எஸ்-பான் நகர ரயிலில் யன்னலோரமாக இருந்தேன். ரயில் ஹம்பேர்க் மத்திய நிலையத்தை நெருங்கும்போது தொலைபேசியில் மகளின் முகம் தெரிந்தது. அவள் இருந்த இடத்தில் அப்போது ஏழு மணி தாண்டியிருக்கும்.

“அப்பா, ஆமி வந்திட்டுது. நாங்கள் வயலில நிக்கிறம். அம்மாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ.”

நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

இராணுவத்துக்கு நாங்கள் சொல்லும் ஆமி என்ற சொல்லை அவள் வாயால் நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் இங்கே பிறந்தவள். அது நானும் மனைவியும் ஊர்க்கதை பேசும்போது மட்டும் எங்கள் வீட்டில் கேட்கும் சொல். ஜேர்மனில் அவளுக்கு அதற்கு வேறு சொல் உண்டு. அவசரத்தில் அவளுக்கு வந்தது எங்களுடையதுதான். நாடு மாறி, மொழி மாறி, கடவுச்சீட்டும் மாறி, அந்தச் சொல் தேவைப்படாத ஒரு வாழ்க்கையைப் பிள்ளைக்கு அமைத்துக் கொடுத்துவிட்டதாக நம்பியிருந்தேன். இறங்க வேண்டிய நிலையத்தில் இறங்கினேன். வேலைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறித் திரும்பினேன்.

அவள் நின்றது பாலஸ்தீனத்தில், மேற்குக் கரையின் வடக்கே, ஜெனின் பக்கத்து விவசாய ஊர் ஒன்றில். பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். அந்த ஊரின் வயல்கள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, தண்ணீர் முன்பு எந்த வழியாக வந்தது, இப்போது எந்த வழியாக வருகிறது என்று அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதுவதற்காக மூன்று வாரம் முன்பு போயிருந்தாள். அவள் மனதில் அந்த ஊரை விதைத்தவர், அங்கே பிறந்து எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்தவர். இந்த வசந்தத்தில் அவர் காலமாகிவிட்டார். கடையில் இப்போது ஓர் இளம் பெண் நிற்கிறாள், மரியாதையாகத்தான் நடக்கிறாள். ஆனாலும் இருமல் மருந்துக்குக்கூட நான் அடுத்த தெருவுக்குப் போகிறேன்.

இந்த நாட்டில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் முதலில் எந்த நாடு என்றுதான் கேட்டார்கள். அவர் ஒருவர்தான் எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றதும் விடவில்லை. அதற்குள் எந்த ஊர், அங்கே என்ன பயிர் என்றார். எங்கள் ஆட்களே ஒருவரையொருவர் இப்படித் துருவுவதைக் கண்டிருக்கிறேன், வேற்று ஆள் துருவியதில்லை. புகையிலை என்றேன். மனுசன் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஊரிலும் புகையிலைதான். நாங்கள் பேசிய மொழி ஜேர்மன். ஆனால் அவர் பேசியதெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழாகவே தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

“உங்கட அப்பாவும் என்ர அப்பாவும் உலகம் முழுக்கச் சுருட்டுக் குடிக்கப் பழக்கிவிட்டினம். இப்ப பாருங்கோ, நான் இஞ்ச இருந்து சிகரட்டை விட ஒட்டுற பிளாஸ்டர் விக்கிறன்” என்று அன்று சிரித்தார். பிறகு எந்த வாடிக்கையாளர் அந்தப் பிளாஸ்டரைக் கேட்டாலும் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அவர் தன் ஊரைச் சொல்லும் விதம் ஒன்று இருந்தது. வரலாற்றை ராசாக்களை வைத்துச் சொல்லமாட்டார், புகையிலையை எண்ண வந்தவர்களை வைத்துச் சொல்வார். துருக்கியன் வந்து கன்றை எண்ணி வரி கேட்டான். வெள்ளைக்காரன் வந்து எண்ணினான். பிறகு ஜோர்தான்காரன், பிறகு இஸ்ரேல்காரன். “எண்ணின ஆக்கள் மாறிச்சினம். ஒளிச்ச இடம் மாறேல்ல” என்பார். அவருடைய பாட்டன் துருக்கியர் காலத்தில் பிறந்தவர், தகப்பன் பிரித்தானியர் காலத்தில், அவரும் அக்காவும் ஜோர்தான் காலத்தில், கடைசித் தங்கை இஸ்ரேல் வந்த பிறகு. நாலு ஆட்சியிலும் பிறந்தவர்களுக்குப் பிறந்த அறை ஒன்றுதான். அந்த அறைக்கு ஒரு யன்னல், அதில் பார்த்தால் சமவெளி.

ஊர் ஒரு நீளமான கல்மேட்டின் மேல் இருந்தது. உச்சியில் பள்ளிவாசலும் பழைய வீடுகளும். அதற்குக் கீழே படிப்படியாகக் கல் அடுக்கிய பாத்திகளில் ஒலிவும் வாதுமையும். முன்பக்கம் சமவெளியில் புகையிலை, வெள்ளரி, அவற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பெருந்தெரு. துருக்கியர் போட்ட ரயில் பாதையின் கற்கள் இன்று வயல் வரம்புகளில் கிடக்கின்றன. மேற்கே இஸ்ரேல் போட்ட வேலி. அதற்கு அப்பால் போன காணிகளுக்கு, அனுமதி கிடைத்த நாட்களில் மட்டும் வாசல் திறக்கும். மேட்டுக்குப் பின்பக்கம் ஒடுங்கிய பள்ளம், மாரியில் மட்டும் தண்ணீர் ஓடும். அந்தப் பள்ளத்தில்தான் அவருடைய தகப்பனின் வயல், அதன் மூலையில் அத்திமரம். ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் யாராவது ஒருவர் கையில், ஊர் வீட்டில் இருக்கும் அக்கா காய்ந்த அத்திப்பழம் கொடுத்துவிடுவார்; என் மகள் அங்கே தங்கியிருந்ததும் அவரோடுதான். கயிற்றில் கோத்த மாலை. மருந்துக்கடைக்காரர் அதைப் பின்னறையில் தொங்கவிட்டு, வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கொடுப்பார். என் மகள் பள்ளி விடுமுறைகளில் அந்தக் கடையில் பெட்டி அடுக்கியவள். அவளுக்கு எப்போதும் இரண்டு.

அந்த வியாழக்கிழமை ரயிலால் இறங்கி நான் போனபோது மருந்துக்கடை திறந்திருக்கவில்லை. வாசலில் முன்னும் பின்னும் நடந்தேன். அவர் சைக்கிளில் வந்து இறங்குவதற்குள் கத்தத் தொடங்கிவிட்டேன். “உங்கட ஊர்க்கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் என்ர பிள்ளை போனவள்! இப்ப ஆமி வந்திட்டுதாம்!” நாயைக் கூட்டிப்போன ஒரு கிழவர் நின்று பார்த்தார். என்னை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினார்.

பின்னறையில் ஒரு மருந்துப் பையைக் கிழித்து விரித்தார். பேனையால் மேட்டைக் கீறினார், தெருவைக் கீறினார், பள்ளத்தைக் கீறினார்.

“வயலில எண்டுதானே சொன்னவள்?”

“ஓம்.”

“ஆடி வெயிலுக்கை விடியப்புறம் பள்ளத்து வயலிலதான் இலை ஒடிப்பினம். மேடு மறைக்கும், வெயில் பிந்தித்தான் வரும். ஆமி நிக்கிறது முன் தெருவில. இவை இஞ்சால இறங்கி, பள்ளத்தாலேயே நடந்தால் அடுத்த ஊர். அரை மணித்தியாலம். அக்கா அந்த வழியாலதான் கலியாணம் கட்டிப் போனவ, பிறகு திரும்பி வந்தவ. கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பா.”

அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. அந்தக் கிழிந்த கடதாசியில் என் மகள் நடந்து போவதை நான் பார்த்தேன், அக்கா முன்னே, அவள் பின்னே, இரண்டு பக்கமும் கல் மதில். மூச்சு வந்தது. அவர் எனக்குத் தண்ணீர் தந்தார். சர்க்கரை போட்டிருந்தார்.

அப்போது அவருடைய தொலைபேசி அடித்தது. அக்காவின் மகன். ராமல்லாவில் வேலை செய்பவன். அவனும் தாயைத் தேடிக்கொண்டிருந்தான். மருந்துக்கடைக்காரர் அரபியில் உற்சாகமாக எதையோ விளக்கினார், பேனையால் கடதாசியைத் தட்டித் தட்டி. பிறகு அவன் நெடுநேரம் பேசினான். எனக்கு அரபி தெரியாது. ஆனால் அவர் பேனையை மெதுவாக மூடுவதைக் கண்டேன்.

“பள்ளத்து வயல் இல்லையாம்” என்றார். “கன வருசமா இல்லையாம். மேல இஸ்ரேல் குடியேற்றம் வந்ததாம், அதுக்கு ரோட்டுப் போட்டவையாம். பள்ளத்துக்குள்ள இப்ப எங்கட ஆக்கள் கால் வைக்க ஏலாதாம். மரத்தையும் தறிச்சாச்சாம். எனக்குச் சொல்ல வேண்டாமெண்டு அக்கா எல்லாரிட்டயும் சத்தியம் வாங்கி வைச்சிருக்கிறா.”

தொலைபேசியை மறுபடி காதில் வைத்து ஒரு கேள்வி கேட்டார். அதையே என்னிடமும் கேட்டார். “அப்ப நான் வருசா வருசம் திண்டது ஆரின்ர அத்திப்பழம்?”

மருமகன் சொன்ன பதிலையும் சொன்னார். ஜெனின் சந்தையில் வாங்கியதாம். அம்மா ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துத்தான் வாங்குவாவாம்.

யாரோ வெளிக்கதவைத் தட்டினார்கள். இரத்த அழுத்த மாத்திரைக்கு வந்த ஒரு ஜேர்மன் மூதாட்டி. அவர் எழுந்து போனார், மாத்திரையைக் கொடுத்தார், ஒரு நாளைக்கு எத்தனை முறை குடிக்க வேண்டும் என்று ஆறுதலாக விளங்கப்படுத்தினார், நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தி அனுப்பினார். திரும்பி வந்து கதிரையில் இருந்து, கடதாசியில் பள்ளத்தைக் கீறிய இடத்தைப் பேனையால் குறுக்கே வெட்டினார். பள்ளத்து வயல் இல்லையென்றால் அவர்கள் நின்றது சமவெளியில், பெருந்தெருவின் கரையில். அதை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நினைத்தோம்.

மனைவிக்கு மத்தியானம் சொன்னேன். அவள் அழவில்லை. “சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து பிள்ளையளை ஏத்தி அனுப்பினது. நீங்கள் ஒராள்தான் பிள்ளையைச் சண்டைக்குள்ள ஏத்தி அனுப்பினனியள்” என்றாள். பிறகு இந்த நாட்டில் எங்கள் ஆட்கள் கட்டிய ஊன்ட்றொப் கோயில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, சாமியறையிலேயே இருந்துவிட்டாள். மருந்துக்கடைக்காரர் பின்னேரம் அழைத்தபோது என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, “அந்த மனுசன்ர முகத்தில நான் முழிக்க மாட்டன்” என்று எனக்குச் சொல்லிவிட்டு அழைப்பை வெட்டினாள். வெளிவிவகார அமைச்சின் அவசர இலக்கத்தில் ஒரு பெண் என் மகளின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். தொலைக்காட்சிச் செய்தியில் அந்த ஊரின் பெயர் வரவேயில்லை. பெரிய ஊர்களின் பெயர்தான் செய்தியில் வரும் என்பது எங்களுக்குப் பழைய பாடம்.

வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. நடந்தேன். கால் என்னை மருந்துக்கடைக்கே கொண்டுபோனது. அவர் பின்னறையில் அந்தக் கிழிந்த பையை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். மருமகனிடம் கேட்டுக் கேட்டு, சிவப்புப் பேனையால் புதிய தெரு, புதிய வேலி, மூடிய வாசல் என்று அதன்மேல் கீறியிருந்தார். ஆமி பள்ளிக்கூடத்தில் நிற்கிறது, இணையம் இல்லை, ஊருக்குள் போகவும் வரவும் முடியாது என்பது மட்டும்தான் தெரிந்தது.

“நான் பிழையான வழி சொல்லிப்போட்டன்” என்றார். “நேற்று அவள் எனக்குப் போன் எடுத்திருந்தால், பள்ளத்தால போ எண்டு சொல்லியிருப்பன். நம்பிப் போயிருப்பாள்.”

எனக்கு அவரை ஏச வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் கதையைச் சொன்னேன். நான் இங்கே அகதி முகாமில் இருந்த காலத்தில் என் அப்பா செத்துப்போனார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்து பல வாரங்களின் பிறகுதான் எனக்கு அறிவித்தார்கள். இடையில் வந்த கடிதத்தில் அப்பாவுக்குச் சுகம் என்றுதான் என் அக்கா எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்துக்கு நான் பதிலும் போட்டேன், அப்பாவுக்குக் கண்ணாடி வாங்கி அனுப்பவா என்று கேட்டு.

“நாங்கள் நிம்மதியா இருக்கிறம் எண்டு அவை நினைக்கினம். அதைக் கெடுக்க அவைக்கு மனம் வாறேல்லப் போல” என்றார். பிறகு, “உங்கட மகளுக்கும் தெரிஞ்சிருக்கும். மூண்டு கிழமையா என்னோட கதைக்கிறாள். பள்ளத்து வயல் எப்பிடி எண்டு கேக்கிற நேரமெல்லாம், வடிவா இருக்கு எண்டு சொன்னவள்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தன் ஊர்ப் பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

இன்றைக்கும் ஆறு மணி ரயிலில் யாருடைய தொலைபேசி அடித்தாலும் என் கை சட்டைப்பைக்குப் போகிறது. மகளிடம் எங்கே நிற்கிறாய் என்று ஒரு நாளில் பலமுறை கேட்கிறேன். அவளுக்கு எரிச்சல். அவர் உயிரோடு இருந்தபோது இதைச் சொன்னால், “எனக்கும் அப்பிடித்தான், கேளுங்கோ, கேக்கிறதில ஒண்டும் குறையாது” என்பார். இப்போது சொல்ல ஆளில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வீட்டு மணி அடித்தது. மனைவிதான் போய்க் கதவைத் திறந்தாள். அவர் நின்றார். வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே, கடையை விட்டு ஓடிவந்திருந்தார். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு வாங்கியது. மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“வீட்டை வந்திட்டினம்” என்றார். “ரெண்டு பேரும். ஒரு காயமும் இல்லை. வயல்கரையில புகையிலை காயப்போடுற கொட்டிலுக்குள்ள கிடந்தவையாம். இப்பதான் அக்கா போன் எடுத்தவ.”

“பிள்ளையோட கதைக்க வேணும்” என்றாள் மனைவி. “இப்ப கதைக்க வேணும்.”

“நித்திரை கொள்ளுறாள். எழுப்பச் சொல்லி நானும் கேட்டனான். அக்கா மாட்டனெண்டிட்டா.” அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். “ரெண்டு நாளாப் பிள்ளை கண் மூடேல்ல, தாய் பக்கத்தில இருந்தால் எழுப்புவாவோ எண்டு கேட்டுக்கொண்டு வா எண்டு சொன்னவ.”