மீனம்மாவின் புல்லாங்குழல்

கௌசலா கிட்டாரும் தங்கை கஜனி புல்லாங்குழலும் வாசித்து, கிளிநொச்சிப் பக்கத்துக் கலியாண வீடுகளுக்குப் போய்வந்தார்கள். கஜனி கலியாணம் முடித்துக் கனடா போனதும், தர்மபுரத்து வீட்டில் கௌசலா தனித்துப்போனாள். தையல் வேலை முடிந்த பின்னேரங்களில் கிட்டாரை எடுப்பாள். குழல் வரவேண்டிய இடத்தில் கை நின்றுவிடும்.

கிட்டாரை மீட்டினால் வேறு வாத்தியம் ஒலிக்கச் செய்யும் கருவிகள் உண்டென்று கேள்விப்பட்டு, வவுனியாவில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் அர்ஷாத்திடம் போனாள்.

"அக்கா, உங்கட கிட்டாருக்கு இரும்புக் கம்பியோ, நைலோனோ?"

"இரும்பு."

"அப்ப ரெண்டு வழி இருக்கு. கிட்டாரைக் கொம்பியூட்டரில குடுத்தா, அது சுரத்தைக் கண்டுபிடிச்சு, வேற வாத்தியத்தை ஒலிக்க வைக்கிற 'மிடி' எண்ட குறிப்பா மாத்தும். இல்லாட்டி இரும்புக் கம்பியளுக்குக் கீழ, காந்தம் வச்ச ஒரு பிக்கப் பூட்டலாம். அது ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக் கேட்டு இந்தப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை மிடியா மாத்திக் குழல் சத்தமாத் தரும்."

கடைக் கிட்டாரில் இரண்டையும் வாசித்துப் பார்த்தாள். கொம்பியூட்டரில் இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டியதுமே குழல் தடுமாறிக் கீச்சிட்டது. பெட்டியில் தெளிவாக வந்தது.

"தடிச்ச கம்பியில சத்தம் கொஞ்சம் பிந்தி வரும். குழலுக்கு மெல்லிய கம்பியளில வாசியுங்கோ" என்றான் அர்ஷாத்.

பிக்கப்பும் பெட்டியுமே அவளோடு தர்மபுரம் வந்தன.

வீட்டில் வாசித்தபோது குழல் ஓயாமல் ஒலித்தது. மனிதர் யாரும் அப்படி வாசிப்பதில்லை. கஜனி மூச்செடுக்கும் இடங்களை நினைத்து, அங்கெல்லாம் கம்பியிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு அதைப் பதிவுசெய்து தங்கைக்கு அனுப்பினாள்.

கஜனி உடனே அழைத்தாள். "ஆரக்கா குழல்? புது ஆள் கிடைச்சிட்டுதோ?"

அவள் குரலில் இருந்த நிம்மதியைக் கெடுக்கக் கௌசலாவுக்கு மனம் வரவில்லை.

"ஓம். மீனம்மா எண்டு ஒரு பிள்ளை."

"நல்லதாப் போச்சு. நீ தனிய இருக்கிறாய் எண்டுதான் எனக்கு ஒரே யோசினை."

அதன்பின் கஜனியின் அழைப்புகள் குறைந்தன. அழைத்தாலும், "மீனம்மா வந்து போறாதானே" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌசலாவே அழைத்தாள்.

"கஜனி, மீனம்மா எண்டு ஒருத்தரும் இல்லை. அது கிட்டார்தான்."



"அப்ப அங்க ஆரோட கதைக்கிறனீ?"

"ஒருத்தரோடயும் இல்லை."

வெகுநேரம் இருவரும் அழைப்பைத் துண்டிக்கவில்லை.