வெள்ளை மாத்திரைகள்

சித்தியின் மாத்திரை அட்டை அடுப்பங்கரையில், மஞ்சள் தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். வரிசை வரிசையாக வெள்ளை மாத்திரைகள், கடைசி வரிசை மட்டும் பழுப்பு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒன்றை விழுங்குவார். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், மலையிறங்கித் தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிழைப்பாரா என்றாகிவிட்டது. இன்னொரு பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நெருங்கினால் பெண்களுக்கு ஒரே பயம்தான், பால்குடம் எடுக்கிற அன்றைக்குத் தீட்டு வந்துவிடக் கூடாது. அம்மனும் பெண்தானே, அவளுக்குத் தெரியாததா என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வரும். சித்தியின் மாத்திரை தீட்டைத் தள்ளிப்போடும் என்று லயத்து வீடுகளில் எப்படியோ பரவிவிட்டது.

"அக்கா, கொஞ்சம் குடுங்கலா" என்று வந்து நின்றார்கள். வெள்ளை விழுங்கும்வரை தீட்டு வராது, பழுப்புக்குப் போனதும் வந்துவிடும். சித்தி இதைத் தன் உடம்பிலேயே பார்த்தவர். கிளினிக்கில் சில மாதங்களுக்குச் சேர்த்துக் கொடுத்திருந்த அட்டைகளிலிருந்து வெள்ளையை எல்லாம் பிரித்துக் கொடுத்தார். "நான் இந்த வருஷம் கொடம் எடுக்கல, நீங்க எடுங்கடி" என்று சிரித்தார். பழுப்பைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

பிறகு ஒருநாள் கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். "மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்த நர்ஸ் மிஸி கேட்டார்.

"ஐயோ, ஒரு நாள்கூட விடல மிஸி! வெள்ளையத்தான் குடுத்துட்டேன், பழுப்ப தினமும் முழுங்கினேன்!" சித்தி அட்டைகளை எடுத்து நீட்டினார்.

மிஸி அட்டைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். கருமுட்டை வெளிவராமல் தடுக்கும் ஹார்மோன் வெள்ளையில்தான் இருக்கிறதாம். பழுப்பில் வெறும் இரும்புச்சத்து. ஹார்மோன் நின்றுபோவதால்தான் அந்த நாட்களில் உதிரம் வருகிறது. சித்தி தனக்கென்று வைத்துக்கொண்டதில் காவலே இல்லை. கருவைக் கலைக்கும் கட்டமும் தாண்டியிருந்தது.

குழந்தை பிழைத்தது. சித்தி பிழைக்கவில்லை. எதனால் என்று அந்தக் குழந்தையிடம் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் அவள் ரிங்லெட்டிலிருந்து வந்திருந்தாள். கல்யாணமாகி முதல் திருவிழா. என் வீட்டு அலமாரியிலும் ஓர் அட்டை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, சித்தியின் அதே சிரிப்போடு கேட்டாள்:

"அக்கா, கொடம் எடுக்கணும். அந்த வெள்ள மாத்திரைல கொஞ்சம் குடுங்கலா."

அட்டையை உள்ளே வைத்து அலமாரியை மூடினேன். "உக்காரு, உங்கம்மாவப் பத்திப் பேசணும்" என்றேன்.